வருமுன் காப்போர்

நுழையும்முன்

தீயணைப்பு வண்டி ஏற இயலாத மலைச்சரிவு. கைப்பேசி அலை எட்டாத பள்ளத்தாக்கு. ஒற்றையடிப் பாதையன்றி வேறு வழியில்லாத காடு. அங்கே ஓர் உயிர் இடரில் சிக்கினால் முதலில் சென்று சேர்பவர் யார்? பெரும்பாலும் வனப் பணியாளரே. இடர் நேர்ந்தபின் அவர் செய்யும் மீட்புப் பணி செய்தியாகிறது; இடர் நேராதிருக்க அவர் ஆண்டு முழுவதும் செய்யும் காவற்பணி யார் கண்ணிலும் படுவதில்லை. மதுரையைச் சூழ்ந்த மலைகளில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்தவற்றைக்கொண்டு அப்பணியின் இயல்பையும் அருமையையும் அறிவோம்.

மலையும் சமவெளியும்

மதுரை, வைகைக்கரையில் வளர்ந்த நகரம். வைகை பிறப்பதோ நகருக்கு மேற்கே, தேனி மாவட்டத்தின் வருசநாட்டு மலைகளில். அம்மலைகளின் சோலைகளும் புல்வெளிகளும் பெய்யும் மழையைத் தாங்கி, மண்ணில் இறக்கி, ஓடைகளாகச் சிறுகச்சிறுக வெளிவிடுகின்றன. காடு அழிந்தால் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடைக்காலத்தில் வறட்சியுமாக ஆறு மாறிவிடும். எனவே, மலைக்காட்டைக் காப்பவர் சமவெளியின் குடிநீரையும் வயல்நீரையும் காப்பவர் ஆவார்.

இப்பகுதியில் அமைந்ததே திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட இக்காப்பகம் தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம். ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மதுரைக்கு அருகிலேயே அழகர்மலையும் நாகமலையும் சிறுமலையும் உள்ளன. மேலூரை அடுத்த அரிட்டாபட்டி 2022ஆம் ஆண்டு தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. நகரத்திற்கும் காட்டிற்கும் இடையே உள்ள தொலைவு நாம் எண்ணுவதைவிடக் குறைவு.

இக்காடுகளின் பாதுகாப்பு, படிநிலைப் பணியாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. மாவட்ட வன அலுவலரின்கீழ் வனச்சரக அலுவலரும், அவரின்கீழ் வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் ஆகியோரும் பணியாற்றுகின்றனர். இவர்களோடு வேட்டைத் தடுப்புக் காவலர்களும் உள்ளனர். இவர்களுள் பலர் மலையிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி மக்கள். எந்தப் பாறையின் அடியில் நீர் ஊறும், எந்தச் சரிவில் யானை இறங்கும், எந்த ஓடை முதலில் பெருகும் என்பவற்றை வரைபடத்தின் துணையின்றி அறிந்தவர்கள். அவ்வறிவே இடர்க்காலத்தில் பிறர் உயிரைக் காக்கும் கருவியாகிறது.

பழந்தமிழர் தந்த எச்சரிக்கை

மலைவழியின் இடர்களை முன்கூட்டியே எடுத்துரைத்து வழிப்போக்கரைக் காப்பது தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டும் ஆற்றுப்படை நூல். பரிசில் பெறும் வழியைக் கூறுவதோடு, பாதையில் எதிர்ப்படும் ஆபத்துகளையும் அது வரிசையாகச் சொல்கிறது. பன்றிகளைப் பிடிக்கத் தினைப்புனத்தில் அமைத்த பொறிகள், குழிகளில் மறைந்திருக்கும் பாம்புகள், யானைகளை விரட்டக் கானவர் வீசும் கவண்கற்கள், வழுக்கும் ஆற்றங்கரைகள் ஆகிய ஒவ்வொன்றும் குறிப்பிடப்படுகிறது. அதனதன் இயல்புக்கேற்பத் தப்பும் முறையும் கூறப்படுகிறது. இருள் சூழ்ந்தால் நடையைத் தொடராது குகைகளில் தங்குமாறும் அறிவுரை உண்டு.

இந்நூலை இயற்றியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். இரணியமுட்டம் என்பது அழகர்மலையைச் சூழ்ந்த பாண்டிநாட்டுப் பகுதி என்பர். மலையடிவாரத்து மண்ணிலிருந்து வந்த புலவர் மலையின் அழகைப் பாடியதோடு அதன் ஆபத்தையும் பாடினார். அழகை மட்டும் கண்டு ஆபத்தை மறந்தால் நேர்வது யாது என்பதை நம் காலத்து நிகழ்வொன்று துயரத்தோடு உணர்த்தியது.

குரங்கணி கற்பித்த பாடம்

2018ஆம் ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்தும் வந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் மலையேற்றத்தை முடித்துக் கீழிறங்கிக்கொண்டிருந்தனர். அவர்களுள் இளம்பெண்கள் பலர். கோடையில் காய்ந்து, இடுப்பளவு உயர்ந்து நின்ற புல்வெளியில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. புகையில் வழி தெரியாமல் திசைக்கொருவராய்ச் சிதறினர். சிலர் பாறைப் பள்ளங்களில் வீழ்ந்தனர்.

தீ பற்றிய செய்தி கிட்டியதும் முதலில் மலையேறியவர்கள் சுற்றுப்புறச் சிற்றூர்களின் மக்களும் வனப் பணியாளர்களுமே. தீயணைப்பு மீட்புப் பணித்துறையினரும் காவல்துறையினரும் அவர்களோடு இணைந்தனர். சாலையற்ற அச்சரிவில், காயமுற்றோரைப் போர்வைகளில் கட்டித் தூளியாகத் தோளில் சுமந்து இரவு முழுவதும் இறக்கினர். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வரவழைக்கப்பட்டன. தீக்காயமுற்றோர் பலர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அன்று சம்பவ இடத்தில் இறந்தோர் ஒன்பதின்மர். அடுத்தடுத்த நாள்களில் மருத்துவமனைகளிலும் உயிர்கள் பிரிய, இறந்தோர் எண்ணிக்கை 23 ஆயிற்று.

அக்குழுவினர் இயற்கையைக் காண விழைந்தவர்கள். ஆயினும், மார்ச் மாதத்துப் புல்மலை எத்தகையது என்பது முன்பே உணரப்பட்டிருந்தால் அந்நாள் வேறுவிதமாக முடிந்திருக்கக்கூடும். இந்நிகழ்வுக்குப்பின் தமிழக அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை 2018ஆம் ஆண்டிலேயே வகுத்தது. முன் அனுமதியும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் இன்றியமையாதன ஆயின. தீப்பருவத்தில் மலையேற்றப் பாதைகள் மூடப்படுகின்றன. 2024ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளைத் தேர்ந்து, உள்ளூர் இளைஞர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தியுள்ளது.

தீயின் இயல்பு

காட்டுத்தீக்கு எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் ஒன்றை நீக்கினாலும் தீ அணையும். மலையில் காற்றையும் கோடை வெப்பத்தையும் மனிதரால் நீக்க இயலாது. எரிபொருளாகிய காய்ந்த புல்லையும் சருகையும் மட்டுமே நீக்க இயலும். வனப் பணியாளரின் தீத்தடுப்புப் பணி முழுவதும் இந்த எளிய உண்மையின்மீதே அமைந்துள்ளது.

சமவெளித் தீக்கும் மலைத்தீக்கும் பெரும் வேறுபாடு உண்டு. சரிவில் தீ மேல்நோக்கிப் படரும்போது, அதன் சுடர் மேலுள்ள புல்லை நோக்கிச் சாய்ந்து, பற்றுவதற்கு முன்பே அதனைச் சூடேற்றி உலர்த்திவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கொள்ளும் கணக்கு. பகற்பொழுதில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசுவதால் அவ்வேகம் இன்னும் மிகும். மேட்டை நோக்கி ஓடும் மனிதருக்கோ மூச்சு வாங்கும், கால் தளரும். ஆகவே, தீக்கு முன்னால் மலையுச்சியை நோக்கி ஓடுவது பெரும் ஆபத்து. பக்கவாட்டில் விலகி, புல்லற்ற பாறைப்பரப்பையோ ஓடைப்படுகையையோ முன்பே எரிந்து முடிந்த நிலத்தையோ அடைவதே பாதுகாப்பு.

இவ்வுண்மையை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1949ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில் தீயணைக்க இறங்கிய வீரர்களை, காய்ந்த புற்சரிவில் தீ துரத்தியது. 13 பேர் உயிரிழந்தனர். குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓட்டத்தை நிறுத்தி, தம் எதிரே இருந்த புல்லுக்குத் தாமே தீயிட்டார். அது எரிந்து முடிந்த சாம்பல் நிலத்தில் முகம் கவிழ்ந்து படுத்தார். பின்தொடர்ந்து வந்த பெருந்தீக்கு அங்கே எரிபொருள் இல்லை; அது இருபுறமும் விலகிச் சென்றது. அவர் பிழைத்தார். தம்மோடு வருமாறு அவர் அழைத்தும் மற்றவர்கள் அதன் பொருள் விளங்காமல் மேலே ஓடினர். அறிவு இருந்தால் போதாது; இடர் வருவதற்கு முன்பே அது அனைவர்க்கும் பகிரப்பட்டிருக்க வேண்டும் என்பதே மான் கல்ச் தரும் பாடம்.

தைமாதத்துக் கோடுகள்

கோடைத்தீயை எதிர்கொள்ளும் பணி குளிர் விலகாத தைமாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. மலைமுகடுகளிலும் பாதையோரங்களிலும் சில மீட்டர் அகலத்திற்குப் புல்லையும் சருகையும் அகற்றி வெறுந்தரையாக்குவர். இதற்குத் தீத்தடுப்புக் கோடு என்று பெயர். படர்ந்து வரும் தீ இக்கோட்டை அடைந்ததும் எரிபொருளின்றி நின்றுவிடும். தீ பெருகி வரும்போது, இக்கோட்டிலிருந்து அதனை நோக்கி எதிர்த்தீ மூட்டுவதும் உண்டு. இரு தீயும் எதிர்ப்பட்டு, இடையில் எரிய ஏதுமின்றி அணைந்துபோகும். காற்றின் போக்கை நன்கறிந்தவரே இதனைச் செய்ய வல்லவர். சிறிது பிழைத்தாலும் மூட்டியவரையே அது சூழ்ந்துவிடும்.

நீர்க்குழாய் எட்டாத மலையில், பச்சிலைக் கிளைகளை ஒடித்து அடித்தே பெரும்பாலும் தீயை அணைக்கின்றனர். கடும்பகலில் சினந்து எரியும் தீ, பனியீரம் படியும் பின்னிரவிலும் விடியலிலும் தணிந்திருக்கும். எனவே, ஊர் உறங்கும் வேளையே அவர்கள் உழைக்கும் வேளையாகிறது. அடித்து அணைத்த இடத்தை அப்படியே விட்டுச் செல்லவும் இயலாது. சாம்பலுக்கடியில் அணையாத கங்கு ஒன்று இருந்தால், மறுநாள் காற்றில் மீண்டும் மூளும். மரத்தூர்களைப் புரட்டி, மண்ணிட்டு மூடி, கையால் தொட்டுப் பார்த்த பின்னரே இறங்குவர்.

தெரிந்து தெளிவோம்
விண்ணிலிருந்தும் காட்டுத்தீ கண்காணிக்கப்படுகிறது. செயற்கைக்கோள்களில் உள்ள உணர்கருவிகள் தரையின் வெப்ப மிகுதியைக் கண்டறிகின்றன. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் அத்தரவுகளைக்கொண்டு, தீ தோன்றிய இடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளை உரிய வன அலுவலர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. செய்தி விரைவாக வந்தாலும் அவ்விடத்தை நடந்துதான் அடைய வேண்டும்.

ஊருக்குள் வந்த யானை

2023ஆம் ஆண்டு மே 27 அன்று காலையில் கம்பம் நகரத் தெருக்களில் கொம்பன் யானை ஒன்று நடந்து வந்தது. அது கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி உண்டு பழகியமையால் 'அரிக்கொம்பன்' எனப் பெயர்பெற்றது. ஏப்ரல் 29 அன்று அங்கே பிடிக்கப்பட்டு, கழுத்தில் ரேடியோ பட்டை பொருத்தப்பட்டு, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. அங்கிருந்து அது மேகமலைப் பகுதிக்கும் பின்னர்க் கம்பத்திற்கும் வந்து சேர்ந்தது.

மக்கள் நெருக்கமுள்ள ஊருக்குள் காட்டு யானை நுழைவது இருபுறமும் ஆபத்து. அஞ்சிய மக்கள் ஓடுவர். ஆர்வம் மிக்கோர் படமெடுக்கச் சூழ்வர். கூச்சலால் யானை மேலும் மிரளும். அன்று யானையால் காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். மக்கள் கூடுவதைத் தடுக்கத் தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. ஆனைமலையிலிருந்து கும்கி யானைகள் கொண்டுவரப்பட்டன. ஆயினும், உடனே மயக்க ஊசி செலுத்தப்படவில்லை. ஒன்பது நாள்கள் கழித்து, ஜூன் 5 அதிகாலையிலேயே அது செலுத்தப்பட்டது.

அக்காத்திருப்பு தயக்கத்தால் விளைந்ததன்று. மயக்க ஊசி தைத்தவுடன் யானை வீழ்ந்துவிடுவதில்லை. மருந்து வேலைசெய்யும்வரை அது ஓடக்கூடும். அருகில் கிணறோ குளமோ இருந்தால் மயக்கத்தில் விழுந்து மூழ்கும். மின்கம்பி இருந்தால் சிக்கும். வீடுகள் இருந்தால் இடிக்கும். மருந்தின் அளவை யானையின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டே முடிவுசெய்ய வேண்டும். அளவு குறைந்தால் யானை மயங்காது. மிகுந்தால் உயிர்க்கு ஊறு. வெயிலேறிய வேளையில் மயங்கிய யானையின் உடல்வெப்பம் உயர்ந்துவிடும். ஆகவே, திறந்த நிலமும் குளிர்ந்த பொழுதும் ஒருங்கே வாய்க்கும்வரை, வனப் பணியாளர் ரேடியோ பட்டையின் குறிப்பைப் பின்பற்றி இரவும் பகலும் அதன் பின்னே நடந்தனர். மயங்கிய யானையைக் கும்கிகளின் துணையால் வண்டியில் ஏற்றி, உடலில் நீர் ஊற்றிக் குளிர்வித்தபடி, களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மேல்கோதையாற்றுப் பகுதிக்குக் கொண்டுசென்று விட்டனர். விரைந்து செயலாற்றுவதைப் போலவே பொறுத்துக் காத்திருப்பதும் வீரமே என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

ஓடையின் வேகம்

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கு எல்லையில் சாப்டூர் வனச்சரகத்தில் சதுரகிரி மலை உள்ளது. சுந்தரமகாலிங்கத்தை வழிபட அமாவாசை, பௌர்ணமி நாள்களில் மக்கள் திரளாக மலையேறுவர். ஆடி அமாவாசைக்கு வருவோர் தொகை பெரிது. பாதை, ஓடைகளைக் குறுக்கே கடந்து செல்வது. பாறைகள் வழுவழுப்பானவை, வழுக்குப்பாறை என ஓரிடத்திற்குப் பெயரே உண்டு.

மலையில் திடீர் வெள்ளம் பெருகும் முறை வியப்பளிப்பது. முகட்டில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவர்க்குத் தெரியாது. தலைக்குமேல் வெயில் காயும்போதே, மேலே பெய்த மழை ஓடைகளில் திரண்டு வந்து சிறிதுநேரத்தில் வழியை மூடிவிடும். 2015ஆம் ஆண்டு மே மாதத்து அமாவாசையையொட்டிச் சதுரகிரிக்குச் சென்றோர் இவ்வாறு வெள்ளத்தில் சிக்கினர், உயிரிழப்பும் நேர்ந்தது. நீர் கலங்குதல், சருகும் குச்சியும் மிதந்து வருதல், மலைப்பக்கத்திலிருந்து இரைச்சல் எழுதல் ஆகியவை வெள்ளத்தின் முன்னறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் ஓடையைக் கடக்க முயலாமல் உயர்ந்த இடத்தில் காத்திருத்தல் வேண்டும். முழங்காலளவு நீரும் வேகம் மிகுந்தால் மனிதரை வீழ்த்திவிடும். பாறைகளில் கயிறு கட்டி, மக்களை ஒவ்வொருவராகக் கரைசேர்ப்பது மீட்புக்குழுவினரின் வழக்கம்.

இதனால்தான் மழைக்குறி தோன்றும் நாளில் அடிவாரத்து வாயிலை அடைக்கின்றனர். பல மணிநேரம் பயணம் செய்து வந்தவர்க்கு அது மனவருத்தம் தரும், சினமும் எழும். வாயிலில் நிற்கும் காவலரோ அச்சினத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவராகிறார். அன்று மழை பெய்யாதுபோனால் வீணாகத் தடுத்தார் என்பர். மழை பெய்தாலும், மேலே எவரும் இல்லாமையால் எவருக்கும் ஊறு நேராது; எனவே, அவர் காத்த உயிர்களை எண்ணிச் சொல்லவும் எவரும் இல்லை. நேர்ந்த விபத்துக்குச் சான்றுகள் பல உண்டு. நேராமற் காத்த விபத்துக்குச் சான்றே இல்லை. பாராட்டை எதிர்பாராத இக்காவலே வனப்பணியின் உயர்நிலை.

வயற்கிணறும் நச்சரவும்

இடர்கள் யாவும் மலைமீதே நிகழ்வன அல்ல. கோடையில் காட்டுக்குட்டைகள் வற்றும்போது காட்டுமாடும் புள்ளிமானும் நீரைத் தேடி அடிவாரத் தோப்புகளுக்கு இறங்குகின்றன. அங்கே கைப்பிடிச்சுவர் இல்லாத வயற்கிணறுகள் இருளில் அவற்றுக்குப் படுகுழிகளாகின்றன. நீருள்ள கிணறாயின், விலங்கு சோர்ந்து மூழ்குமுன் செயற்பட வேண்டும். மான் போன்ற சிறிய விலங்கை வலையிட்டுத் தூக்கலாம். எடைமிக்க காட்டுமாட்டிற்கு, மண்வாரி எந்திரத்தால் கிணற்றின் ஒருபக்கக் கரையைச் சரிவாக வெட்டி வழியமைப்பர். அது தானே ஏறிக் காட்டை நோக்கிச் செல்லும். அவ்வேளையில் அதன் வழியில் கூட்டம் நிற்பின், மீட்பே புதிய விபத்தாகிவிடும். கிணற்றைச் சுற்றி ஓர் உழவர் எழுப்பும் கைப்பிடிச்சுவர், இத்தகைய மீட்புகள் பலவற்றைத் தேவையற்றதாக்கும்.

வீடுகளில் புகும் பாம்புகளைப் பிடித்துக் காட்டில் விடுவதும் இப்பணியின் ஒரு பகுதி. நம் நாட்டில் பாம்புக்கடி இறப்புகளுக்குப் பெரிதும் காரணமானவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு. இந்நான்கின் நஞ்சுக்கும் பயன்படும் முறிமருந்து அரசு மருத்துவமனைகளில் உண்டு. கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவை தீங்கு விளைவிப்பன. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனை சேர்ப்பதே உயிர்காக்கும் வழி.

தெரியுமா?
1730ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று இராசத்தானின் கேஜர்லி சிற்றூரில், வன்னி மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்க அமிர்தாதேவி என்பார் மரத்தைத் தழுவி நின்று உயிர்நீத்தார். அவரைத் தொடர்ந்து பிஷ்னோய் மக்கள் பலர் உயிர்துறந்தனர். இறந்தோர் 363 பேர். அந்நாளே நம் நாட்டில் தேசிய வனத் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பணியின்போது உயிர்நீத்த வனப் பணியாளர்கள் அன்று நினைவுகூரப்படுகின்றனர்.

நம் கடமை

குரங்கணித் தீ, கம்பத்து யானை, சதுரகிரி வெள்ளம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. ஆயினும், மூன்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இடர் வெளிப்பட்ட நாளில் மனிதரால் செய்யக்கூடியது சிறிதளவே. அதற்குமுன் செய்யக்கூடியதோ மிகுதி. தீத்தடுப்புக் கோடும் மூடிய வாயிலும் பொறுமையோடு தொடர்ந்த காலடியும் அம்முன்பணியின் வெவ்வேறு வடிவங்கள்.

அப்பணியில் நமக்கும் பங்குண்டு. மலையடிவாரத்தில் வீசும் ஒரு துண்டுப் பீடி, அணைக்காமல் விட்ட சமையல் அடுப்பு, அனுமதியின்றி நுழைந்த ஒரு பாதை ஆகியவை ஒரு காவலரின் பலநாள் உழைப்பை ஒரு நொடியில் வீணாக்கும். அனுமதி பெற்று, வழிகாட்டியுடன் சென்று, அவர் 'திரும்புவோம்' என்றால் மறுசொல் கூறாது திரும்புபவரே உண்மையான மலைநேயர். உச்சியை அடுத்த முறையும் காணலாம். உயிரோடு இறங்கியவர்க்கே அந்த அடுத்த முறை உண்டு.

அடுத்த கோடையில் வைகைப் பாலத்தைக் கடக்கும்போது ஆற்றில் சிறிதேனும் நீர் ஓடக் கண்டால், அதன் தலைமாட்டில் தைமாதப் பனியில் புல்லறுத்துக்கொண்டிருந்த கைகளை ஒருகணம் நினைவுகூர்வோம்.

சொல்லும் பொருளும்
முகடு - மலையுச்சி. கங்கு - அணையாத நெருப்புத்துண்டு. தூளி - துணியால் கட்டிய தொட்டில் போன்ற சுமப்பான். கும்கி - காட்டு யானைகளைக் கட்டுப்படுத்தப் பழக்கப்பட்ட யானை. கவண் - கல்லெறியும் கருவி. ஊறு - தீங்கு. அரவு - பாம்பு.

இலக்கணக்குறிப்பு
தீத்தடுப்புக் கோடும் மூடிய வாயிலும் - எண்ணும்மை
காய்ந்த புல் - பெயரெச்சம்
அணையாத கங்கு - எதிர்மறைப் பெயரெச்சம்
கடும்பகல் - பண்புத்தொகை

பகுபத உறுப்பிலக்கணம்
நடந்தனர் = நட + த்(ந்) + த் + அன் + அர்
நட - பகுதி. த் - சந்தி, ந் ஆனது விகாரம். த் - இறந்தகால இடைநிலை. அன் - சாரியை. அர் - பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்
1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மலை, காடு அல்லது கண்மாய்க்குச் செல்வோர் எதிர்கொள்ளக்கூடிய இடர்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து, எச்சரிக்கைப் பலகைக்கான ஐந்து தொடர்களை எழுதுக.
2. மழைக்குறி கண்டு மலைவாயிலை அடைத்த காவலருக்கும், தொலைவிலிருந்து வந்த பயணி ஒருவருக்கும் இடையே நிகழும் உரையாடலை வகுப்பில் நடித்துக்காட்டுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. மலைச்சரிவில் காட்டுத்தீ மிக விரைவாகப் படரும் திசை
அ) கீழ்நோக்கி ஆ) மேல்நோக்கி இ) பக்கவாட்டில் ஈ) காற்றுக்கு எதிராக

குறுவினா
1. தீத்தடுப்புக் கோடு என்பது யாது?
2. திடீர் வெள்ளத்தின் முன்னறிகுறிகள் யாவை?

சிறுவினா
1. மலைபடுகடாம் கூறும் மலைவழி இடர்களைத் தொகுத்துரைக்க.
2. அரிக்கொம்பனுக்கு மயக்க ஊசி செலுத்த வனத்துறையினர் காத்திருந்தமைக்கான காரணங்களை விளக்குக.

நெடுவினா
1. 'நேராமற் காத்த விபத்துக்குச் சான்றே இல்லை' - இக்கூற்றைப் பாடப்பகுதியின் நிகழ்வுகள்வழி நிறுவுக.